வடக்கு நோக்கிய ஒலிபெருக்கி

என் அண்ணனும் நானும் ஆறு வருஷமாக முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் நாலரை அங்குலச் சுவர். சுவரின் தென்பக்கம் என் சோபா, வடபக்கம் அவருடைய சாய்வு நாற்காலி. அவர் தும்மினால் என் சோபா அதிரும். ஆனாலும் பேச்சுவார்த்தை கிடையாது.

பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீடு அது. அப்பா காலமான பிறகு பாகம் பிரித்தோம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே. ஹாலின் நடுவில் சுவர் எழுப்புவது என்று முடிவானது. கொத்தனார் ஒன்பது அங்குலச் சுவர் வைத்தால்தான் நிற்கும் என்றார். ஒன்பது அங்குலம் என்றால் ஆளுக்கு நாலரை அங்குலம் நிலம் போகும். அண்ணன் முடியாது என்றார். அவர் முடியாது என்று சொன்னதால் நானும் முடியாது என்றேன். குருவானவர் வந்து ஜெபம் செய்து, காப்பி குடித்து, ஆளுக்கு இரண்டேகால் அங்குலம் விட்டுக்கொடுக்க வைத்தார். அவருடைய ஊழியத்தில் அதுதான் மிகப் பெரிய வெற்றி என்று பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார், எங்கள் பெயரைச் சொல்லாமல்.

சுவர் ஏழடி எழும்பிய பிறகுதான் காத்தாடி பிரச்சினை வந்தது. அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது ஆசிரியர்கள் வாங்கிக்கொடுத்த மின்சாரக் காத்தாடி, ஹாலின் நட்டநடுவில் மச்சிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் அதற்கு நேர் கீழே வந்து நின்றது. கழற்றி ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். யார் எடுப்பது? புதுக் காத்தாடி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னார். நான், "அப்பா காத்தாடிக்கு நீங்க என்ன வெல பேசுறது" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு நின்ற பேச்சுதான். காத்தாடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பத்திரத்தில் எழுதினார்கள். கொத்தனார் மச்சுக்கு மூன்றடி கீழே சுவரை நிறுத்திவிட்டு, இந்த மாதிரி வீட்டில் இனி வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்லிப் போனார்.

ஆகவே எங்கள் காத்தாடி ஒவ்வொரு சுற்றிலும் பாதி தூரம் என் வீட்டிலும் பாதி தூரம் அவர் வீட்டிலும் ஓடுகிறது. சுவிட்சும் ரெகுலேட்டரும் வடபக்கம். அதனால் சித்திரை மாதத்தில் எனக்கு எவ்வளவு காற்று வரும் என்பது அண்ணனின் மனநிலையைப் பொறுத்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பனியில் நாங்கள் நடுங்கும்போது அவர் ஐந்தில் வைப்பார்.

பத்திரத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. சுவர் பொதுச் சுவர். எதிர்த்தரப்பின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் யாரும் ஆணி அடிக்கக் கூடாது, பொருள் வைக்கக் கூடாது. அண்ணன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நான் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதியவன். இந்த ஷரத்தை எங்களைப்போல் ரசித்தவர்கள் ஜில்லாவில் இருக்க மாட்டார்கள்.

மேலே மூன்றடி திறந்து கிடக்கும் சுவரில் இரகசியம் ஏது? ஏழரை மணிக்கு இரண்டு பக்கமும் குடும்ப ஜெபம். ஒரே நேரத்தில் இரண்டு பாட்டுப் பாட முடியாது என்பதால், யார் முதலில் ஆரம்பிக்கிறார்களோ அந்தப் பாட்டையே மற்றப் பக்கமும் பாடும். முந்துவதற்காக என் மனைவி ஏழு இருபத்தெட்டுக்கே தொண்டையைச் சரிசெய்துகொள்வாள். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்துதான் சொல்வோம். மற்றவர் குற்றத்தை மன்னிக்கிற வரி வரும்போது மட்டும் இரண்டு பக்கமும் சத்தம் இறங்கிவிடும். ஆமென் சொல்லும்போது மறுபடி ஏறும்.

போன வருஷம் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, இறந்துபோனார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் அழுகை கேட்டது. நாங்கள் தெருவழியே சுற்றி, அவர்கள் வாசல் வழியாக, கூட்டத்தோடு கூட்டமாகப் போனோம். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றேன். கல்லறையில் ஒரு கை மண் போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற காரியங்களைப் பட்டியல் போட்டால் அதுதான் முதலில் வரும்.

அதன் பிறகு அண்ணன் பக்கத்தில் டிவி சத்தம் கேட்கவே இல்லை. மதினி நாடகம் பார்த்த டிவி அது, அவர் அதைத் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் எங்கள் டிவியைப் போட்டதும் அந்தப்பக்கம் சாய்வு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். படம் தெரியாது, சத்தம் மட்டும்தான். அதுவே அவருக்குப் போதும்போலிருந்தது. நாள் போகப்போக அபிப்பிராயமும் வர ஆரம்பித்தது. செய்தியைப் பாதியில் மாற்றினால் ஒரு இருமல் வரும். ஒரு இருமல் ஆட்சேபணை. இரண்டு இருமல் வந்தால் திருப்தி. நீளமாகத் தொண்டையைச் செருமினால் விளம்பரம் அதிகம் என்று அர்த்தம். என் வீட்டில் ரிமோட் என் கையில் இருந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் சுவருக்கு மேலே புரோக்கரின் குரல் வந்தது. களக்காட்டிலிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி, பிள்ளைகளைப் பாளையங்கோட்டையில் படிக்கவைப்பதற்காக வீடு தேடுகிறாராம். அண்ணனின் மகன் பெங்களூரில் இருக்கிறான், அப்பாவை அங்கே கூப்பிடுகிறான் என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். ரெண்டு மாதத்தில் சொல்கிறேன் என்று அண்ணன் புரோக்கரிடம் சொன்னார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பேசாத அண்ணன்தானே, போனால் என்ன என்று கேட்கலாம். பேசாமலிருக்கவும் ஆள் வேண்டும். யாரோ ஒரு வாழைக்காய் வியாபாரியோடு நான் எதற்காகப் பேசாமல் இருக்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து என் மனைவி ஒன்றைக் கவனித்தாள். அந்தப்பக்கத்து ஒற்றை இருமல் அடிக்கடி வருகிறது, அதுவும் கதாபாத்திரங்கள் மெதுவாகப் பேசும் இடத்தில்தான் வருகிறது. "அத்தானுக்குச் சரியாக் கேக்க மாட்டேங்கு" என்றாள். என் அண்ணனை அவள் அத்தான் என்றுதான் சொல்வாள். "நம்ம டிவி சத்தமும் கெணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிதான் இருக்கு. ஒரு சவுண்ட்பார் வாங்குங்க. கேக்க நல்லா இருந்தா மனுசன் எதுக்குப் போவுதாவ?"

இதைவிட மடத்தனமான யோசனையை நான் கேட்டதில்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன். கிரிக்கெட் பார்ப்பதற்காக என்று தெருவில் சொல்லிக்கொண்டேன்.

முதலில் வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். இருட்டு அறை ஒன்றில் என்னை உட்காரவைத்துக் கண்ணாடி உடைகிற சத்தம், ஹெலிகாப்டர், பிறகு மழை, எல்லாவற்றையும் காட்டினார்கள். மழைச் சத்தத்தைக் கேட்டால் உடம்பு நனைந்தமாதிரி இருக்கும் என்றார் விற்பனையாளர். விலையைக் கேட்டபோதுதான் எனக்கு அப்படி இருந்தது. டிவியைவிட டிவியின் சத்தம் விலை அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பிறகு ஒரு தாளை எடுத்து என் ஹாலை வரையச் சொன்னார். சத்தம் நாலு பக்கமும் சுற்றி வரவேண்டும், அதற்கு நாலு மூலை வேண்டும் என்றார். எனக்கு இரண்டு மூலைதான் சொந்தம் என்றேன். மற்ற இரண்டு மூலை எங்கே என்று கேட்டார். பத்திரத்தை விளக்கினேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "சரி சார், நீங்க உக்காந்திருக்கும்போது உங்களுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்றார்.

"எங்க அண்ணன் இருக்காவ" என்றேன்.

அவர் உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தார். மேலாளர் காத்தாடியைப் பற்றிக் கேட்டுவிட்டு இன்னொருவரைக் கூட்டிவந்தார். மூன்று பேரும் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள், தலையில் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார்கள். தொந்தரவு செய்வதற்காகத்தான் வாங்குகிறேன் என்று எப்படிச் சொல்வது? எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் போனது எங்கள் தெருமுனை மைக்செட் அண்ணாச்சியிடம். கலியாணம், கோவில் கொடை, சபையின் அசன விருந்து எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டுகிறவர், இப்போது சவுண்ட்பாரும் விற்கிறார். அப்பா அடக்கத்துக்கும் மதினி அடக்கத்துக்கும் ஒலிபெருக்கி கட்டியவர் அவர்தான். அதனால் விளக்கம் தேவைப்படவில்லை. நான் பாதி சொல்லும்போதே, "சாருக்கு என்ன பிடிக்கும்னு அவாளத்தான் கேக்கணும்" என்றார். சார் என்றால் அண்ணன்; மைக்செட் அண்ணாச்சி அவரிடம் படித்தவர். மூன்று பெட்டி தருகிறேன், ஒவ்வொன்றையும் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், எது தேறுகிறதோ அதற்குக் காசு கொடுங்கள் என்றார்.

முதல் பெட்டி ஒல்லியான ஒற்றைப் பட்டை. டிவிக்குக் கீழே வைத்தோம். பேச்சு நன்றாகத்தான் கேட்டது. என் மனைவி வேண்டுமென்றே கோர்ட் காட்சி உள்ள படமாகப் பார்த்துப் போட்டாள். வக்கீல் வாதாடி முடித்ததும் சுவரைப் பார்த்துக் காத்திருந்தோம். ஒரு இருமல் வந்தது. மறுநாள் வேறு படம் போட்டோம். அதற்கும் ஒரு இருமல். பெட்டி திரும்பிப் போனது.

இரண்டாவது பெட்டியோடு பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கென்று தனியாக ஒரு கனத்த பெட்டி வந்தது. கதாநாயகன் முதல் அடி அடித்தபோது அடுக்களையில் டம்ளர் உருண்டது. இரண்டாவது அடியில் வடபக்கம் ஏதோ விழுந்தது. அது சபைக் காலண்டர் என்று பின்னால் தெரிந்தது. இருமலே வரவில்லை. காத்தாடி மட்டும் ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. வேர்வையோடு படம் பார்த்து முடித்தோம். விடிந்ததும் அதையும் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதுதான் முழு செட். முன்னால் ஒரு பட்டை, அடக்கமான ஒரு அடிச்சத்தப் பெட்டி, பின்னால் வைக்க வயர் இல்லாத இரண்டு குட்டி ஒலிபெருக்கி. பட்டையிலிருந்து கொஞ்சம் சத்தம் மேல்நோக்கிப் போய் மச்சில் பட்டுத் தலைமேல் இறங்கும் என்றார் மைக்செட் அண்ணாச்சி. இறங்கியது. ஆனால் என் தலைமேல் இல்லை. சுவரைத் தாண்டி அண்ணன் தலைமேல். ஒரு ஹெலிகாப்டர் என் டிவியில் புறப்பட்டு, காத்தாடியில் வெட்டுப்பட்டு, தடதடவென்று வடக்கே போய்விட்டது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப்பக்கமிருந்து இரண்டு இருமல் வந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டிவியைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

செட் தேறிவிட்டது. ஆனால் பின்னால் வைக்க வேண்டிய இரண்டு ஒலிபெருக்கிக்கும் சுவரின் உச்சியை விட்டால் இடமில்லை. அது பொதுச் சுவர். எழுத்துமூலமான சம்மதம் வேண்டும்.

வெள்ளைத்தாள் எடுத்து, அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு, பொருள் என்ற இடத்தில் 'பொதுச் சுவரின் மேல் ஒலிபெருக்கி வைக்க அனுமதி கோருதல் தொடர்பாக' என்று எழுதினேன். படம் ஓடும் நேரங்களில் காத்தாடியின் வேகத்தைக் குறைத்து உதவுமாறும் கேட்டிருந்தேன். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்து, மடித்து, நாற்காலிமேல் ஏறி வடபக்கம் போட்டேன். மேலே இருந்து எட்டிப் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

மூன்று நாள் பதில் இல்லை. ஃபைல் நகராமல் கிடந்தால் மனுக்காரனுக்கு வயிறு எப்படி எரியும் என்று முப்பது வருஷ உத்தியோகத்தில் தெரியாதது அந்த மூன்று நாளில் தெரிந்தது. நாலாம் நாள் காலை சோபாமேல் தாள் கிடந்தது. என் கடிதமேதான், சிவப்பு மையில் திருத்தியிருந்தார். 'பணிவுடன்' என்ற சொல்லை வட்டமிட்டு, பக்கத்தில் 'இது எப்போதிலிருந்து?' என்று கேட்டிருந்தார். அடியில் ஆணை: 'இரண்டில் ஒரு ஒலிபெருக்கி வடக்கு நோக்கி வைக்கப்படுமானால் ஆட்சேபணை இல்லை. காத்தாடியைப் பொறுத்தவரை படத்தின் தரத்தைக் கொண்டு அவ்வப்போது முடிவு செய்யப்படும்.'

மைக்செட் அண்ணாச்சி இதைப் படித்துவிட்டு, இருபத்தைந்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு ஆர்டர் பார்த்ததில்லை என்றார். ஆனாலும் சாரின் உத்தரவாயிற்றே. இடது ஒலிபெருக்கியை எங்களைப் பார்த்தும் வலதை வடக்கே அண்ணனைப் பார்த்தும் வைத்துவிட்டுப் போனார்.

அன்றுமுதல் ஒரு படத்தை இரண்டு வீட்டுக்காரர்கள் பாகம் பிரித்துப் பார்த்தோம். பேச்சும் முகமும் எங்களுக்கு. வலப்பக்கம் பின்னால் நடப்பதெல்லாம் அண்ணனுக்கு. கதவு திறப்பது, பறவை, தூரத்து ரயில், இலைமேல் நடக்கிற கால், எல்லாம் அவர் தலைமேல் போனது. வில்லன் வலது பின்பக்கமாக வந்தால் எங்களுக்குத் தெரியாது. அண்ணனின் நாற்காலி கிரீச்சென்று திரும்பும், அதை வைத்து நாங்கள் உஷாராவோம். ஒரு பேய்ப் படத்தில் பேய் முழுக்க முழுக்க அவர் பக்கமே நின்றது. எங்களுக்கு அது ஒரு சாதாரண குடும்பப் படமாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப்பக்கம் ஸ்தோத்திரம் சொல்லும் சத்தம் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. காத்தாடி அன்றைக்குச் சுத்தமாக நின்றுவிட்டது. நல்ல படம் என்று எடுத்துக்கொண்டோம்.

விஷயம் குருவானவர் காதுக்கும் போய், நீரடித்து நீர் விலகாது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். விலகாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன். ரெண்டு மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அண்ணன் பக்கத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பீரோவிலிருந்து புத்தகங்கள் இறங்கின. இரண்டு இருமலெல்லாம் சும்மா மரியாதைக்குத்தான், மனிதர் போகப்போகிறார், நான் ஒரு பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைவிளையாட்டு விளையாடுகிறேன் என்று எனக்கே அலுப்பு வந்தது. நேரே போய்க் கதவைத் தட்டுங்கள் என்றாள் மனைவி. மூன்று தரம் செருப்பை மாட்டினேன். மூன்று தரமும் தெருமுனை வரை போய்ப் பால் வாங்கிவந்தேன். வீட்டில் பால் மிஞ்சிக் கிடந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு பழைய படம் போட்டிருந்தோம். அதில் நல்ல மழைக் காட்சி. ஓட்டுவீட்டில் மழை பெய்கிறது, ஆறு பெருகி வருகிறது. அணைக்கட்டு நிரம்பி மறுகால் பாய்கிற சத்தம்போல ஹால் நிறைந்திருந்தது. அப்போது வடபக்கக் கதவு திறந்து புரோக்கரின் குரல் கேட்டது. கூடவே இன்னொரு குரல், வாழைக்காய் வியாபாரி. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். திரையில் மழை ஊமையாகப் பெய்துகொண்டிருந்தது.

வியாபாரி அறைகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், திருப்தி என்றார். பிறகு ஹாலுக்கு வந்து நின்றார். மேலே திறந்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

"இது ஒண்ணுதான் சார்" என்றார். "சொவர மச்சு வரைக்கும் எழுப்பிக் குடுத்திருங்க. அந்தக் காத்தாடியையும் கழட்டிருங்க. அட்வான்ஸ் இப்பமே தாரேன்."

என் மனைவி என் கையைப் பிடித்தாள். அந்தப்பக்கம் நாற்காலி இழுபட்டது. அண்ணன் உட்கார்ந்தார் என்று தெரிந்தது. என் சோபா அதிர்ந்தது.

"அது முடியாதுவே" என்றார். "அங்கன அடைச்சா எனக்குப் படம் கேக்காது."

புரோக்கர் பைய, மிகவும் பணிவாக, சார்தான் பெங்களூர் போகிறார்களே என்று நினைவூட்டினார். அண்ணன் தொண்டையைச் செருமினார். நீளமான செருமல். விளம்பரம் அதிகம் என்று புரோக்கருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிற சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. அட்டைப்பெட்டி ஒன்றைக் காலால் தள்ளும் சத்தமும் கேட்டது.

நான் ரிமோட்டைப் பிடித்தபடியே இருந்தேன். சுவருக்கு மேலே, காத்தாடிக்குக் கீழே, அந்த மூன்றடி வழியாக, ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனின் குரல் நேராக என்னிடம் வந்தது.

"ஏலே, எதுக்கு நிப்பாட்டுன? நல்லா மழ பெஞ்சிக்கிட்டு இருந்துதுல்லா."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என் தொடையில் கிள்ளினாள். ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று கண்ணுக்குத் தெரியவில்லை, அவள்தான் வாங்கி அழுத்தினாள். மழை மறுபடி பிடித்தது, பாதி எங்கள் மேலும் பாதி அவர் மேலும்.

நான் இரண்டு தரம் இருமினேன்.